களைத்த கைக்கு எட்டும் உயரம்

முதலில் மரத்துப்போனவை என் பாதங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் விளையாட்டு ஆசிரியை. காலையில் முதல் வகுப்பு தொடங்குமுன் வெறுங்காலோடு மைதானத்தை ஒரு சுற்று நடப்பது வழக்கம். அன்று மண் மண்ணாகத் தெரியவில்லை. காலுறை போட்டுக்கொண்டு நடப்பதுபோல் இருந்தது. குனிந்து பார்த்தேன். வெறுங்கால்தான்.

புது ஷூ கடித்திருக்கும் என்று விட்டுவிட்டேன். சில நாட்களில் படியேறும்போது முழங்கால் மடங்கியது. பிறகு ஒரு நாள் கோகோ ஆட்டத்தின் நடுவில் விசிலை வாயில் வைத்தால் ஊத முடியவில்லை. உதடு குவியவே இல்லை. காற்று கன்னத்தோரமாக வீணாய்ப் போனது. பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். முகம் ஒத்துழைக்கவில்லை.

அன்று மாலை வீடு திரும்ப ராஜபாளையம் பஸ்ஸில் ஏற முடியாமல் படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் நின்றவர்கள் முண்டினார்கள். "ஏறுங்கக்கா, வண்டியை எடுக்கணும்லா!" என்று கண்டக்டர் சத்தம் போட்டார். வாழ்நாளெல்லாம் பிள்ளைகளை "சீக்கிரம், சீக்கிரம்" என்று விரட்டியவள் நான். இரண்டு பெண்கள் என் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்கள்.

வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த டாக்டர் முழங்காலில் சிறு சுத்தியலால் தட்டினார். கால் துள்ளவில்லை. மறுபடி தட்டினார். பிறகு என்னிடம் பேசாமல் என் கணவரிடம், "இப்பவே மதுரைக்குக் கெளம்புங்க. துணிமணி எடுக்கன்னு வீட்டுக்குப் போக வேண்டாம்" என்றார்.

என் கணவர் ஜெபராஜ் பேண்டேஜ் துணி நெய்யும் சிறிய தறிக்கூடம் வைத்திருக்கிறார். உலகத்தில் யாருக்கோ ஆகும் காயத்துக்கு இவர் துணி நெய்து அனுப்புவார். அன்று காரை எடுத்தவர் மதுரை வரை எங்கேயும் நிறுத்தவில்லை.

மதுரையில் முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்த்தார்கள். நரம்புக் கடத்தல் சோதனை (மின்னதிர்வு நரம்பில் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளப்பது) செய்தார்கள். கில்லன் பாரே நோய் (உடலின் எதிர்ப்புச் சக்தியே தவறிப்போய் நரம்புகளின் மேலுறையைத் தாக்குவது) என்று சொன்னார்கள். சில வாரங்களுக்கு முன் எனக்கு வயிற்றுப்போக்கு வந்திருந்தது. அதிலிருந்து ஆரம்பித்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் நரம்பியல் டாக்டர்.

"எப்ப எந்திரிச்சு நடப்பேன் டாக்டர்?"

"முதல்ல இது ஏறி முடிக்கட்டும்மா. ஏறி நின்னாத்தான் இறங்கும்."

"ஏறுதுன்னா எதுவரைக்கும்?"

அவர் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் இம்யூனோகுளோபுலின் (பலருடைய இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதம்) சொட்டுச் சொட்டாக ஏறியது. அங்கே எனக்கு இருந்த ஒரே வேலை எண்ணுவது. ஒரே மூச்சில் எவ்வளவு எண்ண முடிகிறது என்று நர்ஸ் வந்து கேட்பார். மூச்சுத்தசை தளர்ந்தால் எண்ணிக்கை குறையும். ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வந்தது. கண்ணாடிக்கு வெளியே என் கணவர் நிற்பார். நான் நிறுத்திய பிறகும் அவர் உதடு எண்ணிக்கொண்டே இருக்கும்.

வென்டிலேட்டர் போடும் நிலைக்குச் சற்று முன்பாக நோய் நின்றது. கடவுள் கிருபை என்று என் வீட்டார் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நம்புகிறேன். ஆனால் உயிர் பிழைத்த ஒருவர் மிச்ச நாட்களை எப்படிப் போக்குவது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அதைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். இதே நோயோடு, அல்லது கை கால் தளர்ந்த வேறு நோயோடு, நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு.

வீடு திரும்பினேன். சக்கர நாற்காலி, பிறகு வாக்கர், பிறகு ஊன்றுகோல். வலது காலில் தெம்பு நன்றாகத் திரும்பியது. இடது பாதம் தொங்கியது. அதைத் தூக்கிப் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் தாங்கி கொடுத்தார்கள். தோள் பலவீனமாகவே இருந்தது. தலைவாரக் கையை உயர்த்தினால் பாதியில் கீழே விழும். கண்ணை மூடினால் கால் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. நான் இருசக்கர சைக்கிளை இனி மறந்துவிட வேண்டியதுதான் என்று பிசியோதெரபிஸ்ட் நிவேதா சொன்னார்.

எல்லாவற்றையும்விடக் கொடியது களைப்பு. வேலை செய்து வரும் களைப்பு போன்றதல்ல இது. மின்சாரம் போவதுபோல் சட்டென்று போய்விடும். கையில் பிடித்த தம்ளர் கையிலேயே இருக்கும், அதை மேசையில் வைக்கத் தெம்பு இருக்காது.

என் மனசுக்குள் மட்டும் ஓட்டம் நிற்கவில்லை. ஹாலுக்கும் அடுப்படிக்கும் வாக்கரைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு அலைவேன். டிவியைப் போடுவேன், அணைப்பேன். பள்ளிக்கூட மணி அடிக்கும் நேரமெல்லாம் உடம்பு விறைக்கும். என் கணவர் வீடு முழுக்கக் கைப்பிடி பதித்தார். குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார். தறிக்கூடத்திலிருந்து ஓயாமல் போன் செய்வார். எதற்கு எழுந்தாலும், "இரு, நான் இருக்கேம்லா" என்று ஓடி வருவார். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்காகப் பிறகு அழுவேன். மறுநாள் மறுபடி எரிந்து விழுவேன்.

நிவேதாதான் ஒரு நாள் தன் போனில் ஒரு படத்தைக் காட்டினார். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. நடுவில் தரையை ஒட்டி ஒரு வலைப்பின்னல் இருக்கை. அதில் சாய்ந்துகொண்டு காலை முன்னால் நீட்டிப் பெடலை மிதிக்க வேண்டும். விழ வழியே இல்லை. "மேடம், பாதம் தொங்குறவங்களுக்குக் குதிகாலைப் பிடிச்சுக்கிற மாதிரி பெடல் இருக்கு" என்றார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கோயம்புத்தூரில் ஒருவர் பழைய சாய்வு சைக்கிளை விற்பதை என் தம்பி தேடிப் பிடித்தான். பார்சல் லாரியில் வந்து இறங்கியது. என் கணவர் அதை மூன்று முறை சுற்றி வந்தார். "என்னட்டி இது, கட்டிலுக்குச் சக்கரம் வச்ச மாதிரி இருக்கு?" என்றார். என்னை உட்காரவைத்து, பட்டையில் பாதத்தை மாட்டிவிட்டார். மிதித்தேன். நகர்ந்தது. நோய் வந்த பிறகு என் காலால் நான் எங்கேயாவது போனது அதுதான் முதல் தடவை. தெருமுனை வரை போனேன். தெருவே வாசலில் நின்று பார்த்தது. "டீச்சர் படுத்துக்கிட்டே சைக்கிள் ஓட்டுதாவ!" என்று யாரோ சொன்னார்கள். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

தெருமுனைக்கு அப்பால்தான் சிக்கல். தென்காசி ரோட்டில் இந்த வண்டியில் உட்கார்ந்தால் லாரியின் டயர் நம் கண்ணுக்கு நேராக வரும். டிரைவருக்கு நாம் தெரியவே மாட்டோம். கொடி கட்டிப் பார்த்தோம். என் கணவர் ஒரு சிவப்புத் துண்டை ஆட்டிக்கொண்டு முன்னால் ஓடினார். ஊர்வலம் போகிறது என்று நினைத்து ஒரு டவுன் பஸ் நின்றே விட்டது. அத்தோடு அந்த ரோட்டைக் கைகழுவினோம்.

அமைதியான ரோடு என்றால் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்புக்குப் போகும் ரோடுதான். காலையில் ஆள் நடமாட்டம் குறைவு. மேடு பள்ளமும் அதிகம் இல்லை. அதுவரை சைக்கிளைக் காரில் கொண்டுபோக வேண்டும். எங்களுடையது சின்னக் கார். சைக்கிளோ ஆள் நீளத்துக்கும் மேல். உள்ளே நுழையாது. ஆகவே கேரியர்.

கேரியர் வாங்குவது கடைக்குப் போய்ச் சட்டை எடுப்பதுபோல என்று நினைத்திருந்தேன். கடைகளில் ரேக் என்கிற பெயரில் விற்பவை எல்லாம் சாதாரண சைக்கிளுக்கானவை. டிக்கியில் பட்டை போட்டுக் கட்டும் வகை ஒன்று வரவழைத்தோம். அது சைக்கிளின் மேல் குழாயைக் கொக்கியில் தொங்கவிடும். சாய்வு சைக்கிளுக்கு அப்படி ஒரு குழாயே கிடையாது. இருக்கை இடித்தது, செயின் எண்ணெய் கார் கண்ணாடியில் அப்பியது, நம்பர் பிளேட் மறைந்தது. கூரையில் மாட்டும் வகை முன் சக்கரத்தைக் கழற்றி ஒற்றைக் கவ்வியில் நிறுத்தச் சொன்னது. எங்களுக்கு முன் சக்கரமே இரண்டு. சிறு டிரெய்லர் இழுக்கலாம் என்றார்கள். எங்கள் சந்தில் அதை நிறுத்த இடம் இல்லை, ரிவர்ஸ் எடுக்க எனக்குப் பொறுமையும் இல்லை.

கடைசியில் என் கணவர், "கடைச் சாமானெல்லாம் சும்மா. நான் அடிச்சுத் தாரேன்" என்று கிளம்பினார். அவருடைய துணிப் பொதிகளை ஏற்றும் வண்டிகளுக்கெல்லாம் வெல்டிங் செய்பவர் கணேசன். இருவரும் டேப்பை வைத்துக் காரின் கூரையை அளந்தார்கள், சைக்கிளை அளந்தார்கள், கூரையில் கம்பி பதியும் இடங்களை அளந்தார்கள். ஒரு வாரம் தீப்பொறி பறந்தது. பெயின்ட் அடித்து, போதகரை அழைத்து ஜெபம்கூடப் பண்ணியாயிற்று.

கேரியரைக் காரில் மாட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். காரின் தலைமேல் இன்னொரு மாடி கட்டியதுபோல் இருந்தது. கணேசன் அதில் தொங்கிக் காட்டினார்.

"டீச்சர், பேல் ஏத்தினாக்கூட அசையாது."

பேல் என்றால் துணிப் பொதி. எங்கள் ஊரில் எதையும் பாராட்ட இதைத்தான் சொல்வார்கள். ஏணி, பந்தல், கட்டில், எல்லாவற்றுக்கும் இதே சான்றிதழ்தான். பொதியைத் தாங்குமா என்று பார்ப்பார்கள். ஏற்றுவதற்கு ஆள் எப்போதும் இருப்பார்கள் என்பதால் எட்டுமா என்று யாரும் பார்ப்பதில்லை.

"சரி, இதுல எப்படி ஏத்துறது?" என்று கேட்டேன்.

"நானும் கணேசனும் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சா ஒரே தூக்கு" என்றார் என் கணவர்.

"நான் எப்படி ஏத்துறது?"

அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "நீ எதுக்கு ஏத்தணும்? நான் இருக்கேம்லா" என்றார்.

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அவர் செய்ததெல்லாம் என் நன்மைக்குத்தான். அது தெரிந்ததால்தான் கோபம் இரண்டு மடங்கானது. அவர் வரும் நேரத்துக்கு வண்டி ஏறும், அவர் வரும் நேரத்துக்கு இறங்கும். என் காலையும் அவரே வைத்துக்கொண்டு வேண்டும்போது எடுத்துத் தருவதுபோல் இருந்தது. ஒரே ஒரு தடவை, யாரும் கூட வராமல் போய்விட்டு நானாகத் திரும்பி வர வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அன்றிரவு அதை அவரிடம் சொன்னபோது அவர் முகம் அந்தக் கண்ணாடிக்கு வெளியே நின்ற முகமாக மாறிவிட்டது.

"எஸ்தர், நீ தனியா எங்கயாச்சும் விழுந்து கெடந்தா?"

"இந்த வண்டியில விழ வழியில்ல அத்தான்."

"வண்டியில இருந்து எறங்கி நிப்பல்லா? அப்ப?"

அவர் பயம் நியாயமானது. என் அவஸ்தையும் நியாயமானது. இரண்டு நியாயமும் ஒரே வீட்டில் இருந்தால் சாப்பாடு இறங்காது.

மறுநாள் காலை, பள்ளியில் நீளம் தாண்டுதலுக்குக் கோடு போட நான் வைத்திருந்த சுண்ணாம்புக் கட்டியை எடுத்துக்கொண்டு கார் ஷெட்டுக்குப் போனேன். காரை அளந்தாயிற்று, சைக்கிளை அளந்தாயிற்று. என்னை யாரும் அளக்கவில்லை. ஓர் அரிசிப் பையைப் பிடித்துக்கொண்டு தூக்கினேன். தோளுக்கு நேராக வரவே இல்லை. இடுப்புக்கும் வரவில்லை. முழங்காலுக்குச் சற்று மேலே நின்றது. அந்த இடத்தில் சுவரில் ஒரு கோடு போட்டேன். பார்க்க அவமானமாகத்தான் இருந்தது. ஒரு காலத்தில் குண்டு எறிதலில் பரிசு வாங்கியவள் நான்.

அந்தக் கோட்டைக் காட்டி, "இதுக்கு மேல போகக் கூடாது" என்று என் கணவரிடம் சொன்னேன். அவர் கோட்டையும் என்னையும் பார்த்தார். கார் சாவியை எடுத்தார். கணேசனின் பட்டறைக்கு இந்தத் தடவை நானும் போனேன்.

இரண்டாவது கேரியர் காருக்குப் பின்னால் தாழ்வாக நிற்கும் தட்டு. அடியில் சட்டத்தோடு போல்ட் போட்டது, வேண்டாதபோது கழற்றிவிடலாம். இப்படி எதையாவது பொருத்துமுன் உங்கள் ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் கேட்டுவிட்டுத்தான் செய்தோம். பின் விளக்கும் நம்பரும் மறையக் கூடாது என்பதால் தட்டின் விளிம்பில் இன்னொரு விளக்கும் நம்பரும் வைத்தோம். தட்டில் மூன்று தகரப் பள்ளம், மூன்று சக்கரத்துக்கு. இடது பக்கத்திலிருந்து ஒரு சறுக்குப் பலகை இறங்கும். சைக்கிளைத் தூக்க வேண்டாம், உருட்டி ஏற்றலாம்.

முதல் தடவை பெடல் முனை வலது பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது. காரை முந்துகிற டூவீலர்காரரின் முழங்காலைப் பதம் பார்த்துவிடும். ஆகவே பின்சக்கரத்தை முதலில் ஏற்றி, பெடல் இடது ஓரம் வரும்படி மாற்றினோம். அடுத்து, என் கோட்டுக்கு ஏற்றபடி தட்டைத் தாழ்த்தியதில் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் இருக்கிற வேகத்தடை ஒவ்வொன்றும் தட்டை உரசியது. அந்தச் சத்தம் பல்லைக் கூசவைக்கும். தட்டை ஒரு சாண் உயர்த்தினார் கணேசன். வேகத்தடை ஒரு பக்கம், என் கை ஒரு பக்கம் என்று பேரம் பேசி ஓர் உயரத்துக்கு வந்து சேர்ந்தோம். மேல் கேரியர் இப்போது தறிக்கூடத்தில் நூல்கூடை அடுக்கும் பரணாக இருக்கிறது. அசையவே இல்லை.

எங்கள் காருக்குக் கிளட்ச் கிடையாது. இடது காலுக்கு வேலை இல்லை. வலது கால் பிரேக்கைச் சட்டென்று மிதிக்கிறதா என்று பலமுறை சோதித்த பிறகு, கிட்டத்துக்கு ஓட்டலாம் என்று மதுரை டாக்டர் சொன்னார். "களைச்சா ஓட்டக் கூடாது. களைப்பு தீந்த பிறகுதான்" என்றும் சொன்னார். முன்பாதியை மட்டும் நான் காதில் வாங்கிக்கொண்டேன்.

ஒரு மாதம்போல அவரும் கூட வந்தார். வீட்டில் நானே ஏற்றுவேன். அங்கே இறக்குவேன். நான் ஓட்டி முடித்து இறங்கியதும் அவர் வண்டியைப் பிடித்துத் தட்டில் ஏற்றி வைத்துவிடுவார். அதில் உள்ள சூட்சுமம் இருவருக்கும் அப்போது உறைக்கவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை காலை, நான் தனியாகப் போகிறேன் என்றேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நான் ஏற்றுவதைப் பார்த்தார்.

"எப்ப வருவ?"

"வெயிலுக்கு முன்ன வாரேன்."

செண்பகத்தோப்பு ரோட்டில் வனத்துறைச் சாவடிக்கு வெகுமுன்பே காரை ஓரமாக நிறுத்தினேன். இறக்கினேன். உட்கார்ந்தேன். மலை எதிரே நின்றது. மாந்தோப்புகளைத் தாண்டிச் சாவடி வரை ஓட்டினேன். அங்கிருந்த காவலர், "மேல போகாதிய டீச்சர். வெயில் ஏறுமுன்ன திரும்பிருங்க" என்றார். திரும்பினேன். இன்னும் ஒரு தடவை போனால் என்ன என்று தோன்றியது. போனேன். பின்னால் யாரும் "போதும்" என்று சொல்லவில்லை. அந்தச் சந்தோஷத்தை எழுத எனக்கு வரவில்லை. மூன்றாவது தடவையும் போனேன்.

காரிடம் வந்து சறுக்குப் பலகையை இறக்கினேன். பின்சக்கரம் ஏறியது. முன்சக்கரங்களைத் தள்ளினேன். பாதிப் பலகையில் கை இல்லாமல் போனது. வலி எதுவும் இல்லை. கை அங்கே இருந்தது, தெம்புதான் இல்லை. சைக்கிள் பலகையில் கீழே உருண்டு, பெடல் என் கணுக்காலில் இடித்தது.

அப்போதுதான் புரிந்தது. நாங்கள் அளந்ததெல்லாம் காலையில் எழுந்த கையை வைத்து. சுவரில் போட்ட கோடும் அப்படித்தான். ஏற்ற வேண்டிய நேரமோ ஓட்டி முடித்த பிறகு. இதைப் படிப்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புகிற ஒரே உபயோகமான விஷயம் இதுதான். கேரியரை வீட்டு வாசலில் சோதித்து வாங்காதீர்கள். நன்றாகக் களைத்த பிறகு ஏற்றிப் பார்த்து வாங்குங்கள்.

கோபத்தில் உடனே இரண்டாவது தடவை தள்ளினேன். மறுபடி உருண்டது. போனை எடுத்தேன். சிக்னல் இல்லை. பால் கேனோடு பைக்கில் வந்த ஒருவர் நிறுத்தினார்.

"என்னக்கா, தூக்கி வைக்கட்டா?"

"வேண்டாம் தம்பி. செத்த நேரம் இருந்துட்டு நானே ஏத்திக்கிடுதேன்."

அவர் என்னையும் வண்டியையும் விநோதமாகப் பார்த்துவிட்டுப் போனார். உதவி கேட்பதில் இழுக்கு ஒன்றும் இல்லை. நீங்கள் கேளுங்கள். எனக்கு அந்த ஒரு நாள் மட்டும் வேண்டியிருந்தது.

சைக்கிளிலேயே உட்கார்ந்தேன். கையை மடியில் போட்டுக்கொண்டேன். சும்மா உட்காருவது எனக்குத் தெரியாத விளையாட்டு. ஒரு நிமிடம் போயிருக்கும், எழுந்துவிடலாம் என்று உடம்பு துடித்தது. எழவில்லை. என் கணவர் வாசலில் நிற்பார் என்று நினைத்தேன். அப்போதும் எழவில்லை. என் கையைத் திட்டினேன். கெஞ்சினேன். பிறகு இரண்டையும் விட்டுவிட்டேன். மாமரத்தின் நிழல் என் முட்டிவரை இருந்தது, பிறகு பாதத்தை விட்டு விலகியது. வெயில் ஏறியது. கையில் மெல்ல ஒரு கனம் வந்தது. விரலை மடக்கினேன். மடங்கியது.

அப்போதுதான் தேர் நினைவுக்கு வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் இழுக்கும் நாளில் பள்ளிக்கு விடுமுறை. நான் வேறு சாமியைக் கும்பிடுகிறவள் என்றாலும் வேடிக்கை பார்க்கப் போவேன். அத்தனை பேர் இழுத்தும் தேர் ஒரே மூச்சில் நிலைக்கு வராது. சக்கரத்துக்கு அடியில் கட்டையைப் போட்டு நிறுத்துவார்கள். ஆட்கள் மூச்சு வாங்குவார்கள். கட்டையை எடுத்து மறுபடி இழுப்பார்கள். அதை யாரும் தோல்வி என்று சொல்வதில்லை.

ரோட்டோரத்தில் இரண்டு கல் பொறுக்கினேன். சைக்கிளை ஒரு முழம் தள்ளினேன். சக்கரங்களுக்கு அடியில் கல்லைப் போட்டேன். உட்கார்ந்தேன். எழுந்தேன். இன்னும் ஒரு முழம். கல். உட்கார்ந்தேன். முன்சக்கரங்கள் தகரப் பள்ளத்தில் விழுந்த சத்தம் கேட்டபோது ரோட்டில் யாரும் இல்லை. பட்டைகளைப் போட்டு இறுக்கினேன். அதன் பிறகும் உடனே காரை எடுக்கவில்லை. டாக்டர் சொன்னதன் பின்பாதி இப்போது காதில் விழுந்தது. வலது கால் பிரேக்கைச் சட்டென்று மிதிக்கும்வரை சீட்டில் சாய்ந்து கிடந்தேன்.

ஊருக்குள் வந்ததும் போன் கத்தத் தொடங்கியது. ஓரமாக நிறுத்தி, என் கணவரிடம் "வந்துட்டிருக்கேன்" என்று மட்டும் சொன்னேன். ஒவ்வொரு வேகத்தடையையும் மெதுவாக ஏறி இறங்கினேன். பின்னால் விரட்டி ஹாரன் அடித்தவர்களை முந்தவிட்டேன். நோய்க்கு முன்னால் நான் யாருக்கும் அப்படி வழிவிட்டதில்லை.

என் உடம்பு பழையபடி ஆகிவிடும் என்று இத்தனை நாளும் காத்திருந்தேன். ஆகாது என்று அந்தக் காரில் வரும்போது தெரிந்தது. அழுகை வரவில்லை. இந்த உடம்புக்கு வேறொரு கடிகாரம். அது என் கையில் கட்டியிருப்பதோடு ஒத்துப்போகாது. அதன்படி போனால் வேலை நடக்கிறது. எரிச்சல் இன்னும் வருகிறது, பொய் சொல்ல மாட்டேன். பள்ளிக்குத் திரும்பிய பிறகும், ஓடமுடியாமல் உட்கார்ந்துவிட்ட பிள்ளையைப் பார்த்தால் "எந்திரி" என்று வாய் வரை வருகிறது. இப்போது "எப்ப முடியும்னு சொல்லு" என்று கேட்கிறேன்.

அன்று நான் வீடு வந்து சேர்ந்தபோது என் கணவர் வாசலில்தான் நின்றார். தறிக்கூடத்துக்குப் போகவே இல்லை. காரை நிறுத்தியதும் பிடித்துக்கொண்டார்.

"எம்புட்டு நேரம்ட்டி? மனுசன் உசுரோட இருக்கணுமா வேண்டாமா? வெயிலுக்கு முன்னன்னுதான சொன்ன?"

அவருக்கு அது வெளியே வர வேண்டியிருந்தது. வந்து முடிந்தது. அவர் கண் சிவந்திருந்தது.

"யாரு ஏத்துனா?" என்று கேட்டார்.

"நாந்தான். அதான் நேரமாச்சு."

அவர் காருக்குப் பின்னால் போனார். பொதி கட்டியதைச் சரிபார்ப்பதுபோல் ஒவ்வொரு பட்டையாக இழுத்துப் பார்த்தார். எதுவும் தளரவில்லை. கொக்கியில் கையை வைத்தார். வழக்கம்போல் கழற்றிவிடுவார் என்று நினைத்தேன். கழற்றவில்லை. கையை எடுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் இறக்கட்டா?" என்றார்.

நோய் வந்த நாளிலிருந்து அவர் என்னிடம் கேட்டுவிட்டுச் செய்த முதல் காரியம் அது. என் கையை மடக்கிப் பார்த்தேன். தெம்பு கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"நீங்களே இறக்குங்க அத்தான்" என்றேன்.